வீட்டுப் பரிசோதனை அறிக்கை: அருஞ்சொற்பொருளில் இல்லாத சொற்கள்

அமெரிக்காவில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்குகிறவருக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சில நாளில் ஒரு பிடிஎஃப் வரும். ஹோம் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். நாற்பது ஐம்பது பக்கம் இருக்கும். நிறைய போட்டோக்கள், போட்டோக்களின் மேல் சிவப்பு அம்புக்குறிகள். டெக்சஸில் என்றால் 'ஆப்ஷன் பீரியட்' என்று ஒரு அவகாசம் உண்டு. வாங்குகிறவர் ஒரு சிறு தொகை கட்டி, பேசி முடிவான சில நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையை வாங்கி வைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் அந்தப் பிடிஎஃப்பைப் படித்து, விலையைக் குறைக்கச் சொல்வதா, பழுது பார்த்துத் தரச் சொல்வதா, விலகுவதா என்று முடிவெடுக்க வேண்டும். முப்பது வருடக் கடன் இந்த ஒரு வாசிப்பை நம்பி நிற்கிறது.

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் நம்ம ஆட்கள் நிறைய பேர் வீடு வாங்குகிறார்கள். அதனால் டெக்சஸ் அறிக்கையையே எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு வசதியும் இருக்கிறது: அங்கே அறிக்கையின் படிவத்தையே மாநில ரியல் எஸ்டேட் கமிஷன் வகுத்துக் கொடுத்திருக்கிறது. படிவத்தின் பெயர் ஆர்இஐ 7-6. எந்த இன்ஸ்பெக்டர் எழுதினாலும் சட்டகம் ஒன்றுதான். கதை, கட்டுரை போல இதையும் ஒரு எழுத்து வகையாக வைத்து விமர்சிக்கலாம்.

என் வாதம் இதுதான். அறிக்கை புரியவில்லை என்று தேடுகிறவர்களுக்கு இணையத்தில் அருஞ்சொற்பொருள் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சாஃபிட், ஃபேஷியா, ஃப்ளாஷிங், ஜாய்ஸ்ட் என்று நூறு சொற்களுக்குப் பொருள் சொல்வார்கள். ஆனால் முடிவைத் தீர்மானிக்கிற சொற்கள் அந்தப் பட்டியல்களில் கிடையாது. ஏனென்றால் அவை கடினமான சொற்களே இல்லை. 'பார்த்தோம்', 'தெரிகிறது', 'இயங்குகிறது', 'கவனித்துவரவும்' மாதிரியான சாதாரணச் சொற்கள். அவற்றுக்கு இந்த அறிக்கைக்குள் வேறு பொருள் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

வீட்டைப் பற்றிய சொற்கள்

முதலில் சுலபமான பகுதியை முடித்துவிடலாம். இங்கே நம்ம ஊர்க் கொத்தனாரின் சொற்களே பாதி வேலையைச் செய்துவிடும். 'நெகட்டிவ் கிரேடிங்' என்றால் வீட்டைச் சுற்றியுள்ள தரையின் வாட்டம் தப்பு, மழைத்தண்ணீர் வெளியே ஓடாமல் சுவரை நோக்கி வருகிறது. 'எஃப்ளோரசன்ஸ்' என்றால் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ உப்பு பூத்திருக்கிறது, அதாவது உள்ளே ஈரம் நடமாடியிருக்கிறது. ஓதம் ஏறிய சுவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு அகராதி வேண்டாம். 'ஃப்ளாஷிங்' என்பது கூரையும் சுவரும், கூரையும் புகைபோக்கியும் சேரும் மூலையில் தண்ணீர் இறங்காமல் வைக்கும் தகடு. 'டபுள் டேப்' என்றால் ஒரே பிரேக்கர் திருகின் கீழ் இரண்டு ஒயரைச் சொருகியிருக்கிறார்கள். 'ஜிஎஃப்சிஐ' நம்ம வீட்டு ஆர்சிசிபி-யின் உறவுக்காரர். மனிதர்களைக் காக்க நாம் வைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும். அவர்கள் குளியலறை, சமையலறை பிளக்கில் வைப்பது 5 மில்லி ஆம்பியரை ஒட்டியே விழுந்துவிடும்.

பட்டியலில் உள்ள மற்ற சொற்களையும் இப்படியே ஒரு சாயங்காலத்தில் படித்துவிடலாம். ஆனால் இந்தச் சொற்கள் எல்லாம் தெரிந்த ஒரு சிவில் இன்ஜினியர்கூட அறிக்கையைத் தப்பாகப் படிக்க முடியும்.

பார்ப்பதைப் பற்றிய சொற்கள்

படிவத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு கட்டங்கள்: ஐ, என்ஐ, என்பி, டி. அதாவது பரிசோதிக்கப்பட்டது, பரிசோதிக்கப்படவில்லை, அப்படி ஒன்று இந்த வீட்டில் இல்லை, குறை உள்ளது. வாங்குகிறவரின் கண் நேராக 'டி'-க்குப் போகும். நான் சொல்வேன், முதலில் பார்க்க வேண்டியது 'என்ஐ'. 'டி' விழுந்த பொருளை ஒரு ஆள் பார்த்துவிட்டார், அதன் நிலை நமக்குத் தெரியும். 'என்ஐ' விழுந்ததைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் குறை எதுவும் எழுதப்படாததால், படிக்கும்போது அது நல்ல செய்தி மாதிரியே தோற்றம் தரும்.

அடுத்தது 'பரிசோதித்தோம்' என்ற சொல். அமெரிக்க இன்ஸ்பெக்டர்களின் பழைய சங்கமான ஆஷி (1976-ல் தொடங்கியது) இதற்கு வரையறை வைத்திருக்கிறது. எளிதில் எட்டக்கூடியதைக் கண்ணால் பார்ப்பது, வழக்கமான சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது, எளிதில் திறக்கக்கூடிய மூடியைத் திறப்பது. அவ்வளவுதான். 'எளிதில் எட்டக்கூடியது' என்பதற்கும் வரையறை உண்டு: வீட்டுக்காரரின் சாமானை நகர்த்தாமல், எதையும் கழற்றாமல், உடைக்காமல், ஆபத்தில் இறங்காமல் பார்க்க முடிவது. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் எட்டக்கூடியது அல்ல. கராஜில் அட்டைப்பெட்டிகளைக் கூரை வரை அடுக்கி வைத்திருந்தால் அந்தச் சுவரும் அல்ல.

எனவே 'ஈரம் கசிந்ததற்கான கண்கூடான அறிகுறி இல்லை' என்ற வாக்கியத்தில் கனம் முழுவதும் 'கண்கூடான' என்பதில் இருக்கிறது. வாசகர் அதை 'கசிவு இல்லை' என்று படிக்கிறார். எழுதியவர் சொன்னது 'என் கண்ணுக்குப் படவில்லை'. பரிசோதனைக்கு முந்தின வாரம் விற்பவர் சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கும்.

தீர்ப்புச் சொற்கள்

'குறை' என்றால் என்ன? டெக்சஸ் விதிகளின்படி, ஒரு பாகத்தின் செயல்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவு கெடுக்கும் நிலை, அல்லது விதிகளில் சொல்லியிருக்கும் உயிர், உடல், சொத்து ஆபத்து. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இரண்டுக்கும் ஒரே 'டி' கட்டம்தான். 1980-ல் கட்டிய வீட்டில், அன்று விதி கேட்காத ஒரு பாதுகாப்பு பிளக் இல்லாவிட்டாலும் 'டி'. அஸ்திவாரம் நகர்ந்திருந்தாலும் 'டி'. முதலாவதை ஒரு எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடிப்பார். இரண்டாவது வீட்டின் விலையையே மாற்றும். கட்டிய காலத்தில் விதிப்படி சரியாக இருந்தவையும் குறை என்று பதிவாகலாம் என்பதைப் படிவத்தின் முன்னுரையே சொல்கிறது. எத்தனை பேர் முன்னுரை படிக்கிறார்கள்?

இதைவிட முக்கியமான ஒன்று விதிகளுக்குள் இருக்கிறது. ஒரு குறையை இன்னொன்றைவிட முக்கியமானது என்று வரிசைப்படுத்தவோ அழுத்திச் சொல்லவோ இன்ஸ்பெக்டர் கடமைப்பட்டவர் அல்ல. வாங்குகிறவருக்கு வேண்டிய ஒரே விஷயம் அந்த வரிசைதான்! இது ஒன்றும் யாரோ அரைகுறையாக எழுதியதால் வந்த ஓட்டை கிடையாது, யோசித்து வைத்த விலக்கு. சில இன்ஸ்பெக்டர்கள் தாங்களாகவே முதல் பக்கத்தில் ஒரு சுருக்கம் சேர்க்கிறார்கள், வண்ணம் பிரிக்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல மனசு. விதி கேட்கவில்லை.

சொல்லின் பொருள் சங்கத்துக்குச் சங்கம் மாறுவதையும் பாருங்கள். இருபது வருடமாக ஓடும் ஏசி ஒன்று இருக்கிறது, இன்று குளிர்ந்த காற்று வருகிறது. ஆஷியின் விதிகள், ஆயுள் முடியும் நிலையில் இருப்பதாக இன்ஸ்பெக்டர் கருதும் பொருள்களையும் அறிக்கையில் சொல்லச் சொல்கின்றன. இன்டர்நாச்சி என்ற இன்னொரு பெரிய சங்கத்தின் வரையறையோ, ஆயுள் முடிந்துவிட்டது என்பது மட்டுமே 'மெட்டீரியல் டிஃபெக்ட்' ஆகாது என்கிறது. இரண்டிலும் தர்க்கம் இருக்கிறது. ஆனால் ஒரே ஏசி ஒரு அறிக்கையில் எச்சரிக்கையாக வரலாம், இன்னொன்றில் வெறும் தயாரிப்பு வருடமாக ஒரு மூலையில் கிடக்கலாம். அடுத்த கோடையில் செலவு என்னவோ ஒன்றுதான்.

ஒரு சொல்லை முழுதாகப் பார்ப்போம்: 'பெர்ஃபார்மிங்'

டெக்சஸ் அறிக்கையில் மிக விலை உயர்ந்த சொல் இது என்று நினைக்கிறேன். அஸ்திவாரம் எப்படிச் செயல்படுகிறது என்று இன்ஸ்பெக்டர் எழுத்தில் கருத்துச் சொல்லியாக வேண்டும், விதி அப்படி. எனவே அறிக்கைகளில், பரிசோதித்த நேரத்தில் அஸ்திவாரம் எதிர்பார்த்தபடி செயல்படுவதாகத் தெரிகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும்.

இதன் பின்னணி மண். டாலஸிலிருந்து ஆஸ்டின் வழியாகத் தெற்கே ஓடும் பட்டையில் இருப்பது கருப்புக் களிமண், மண்ணியலில் வெர்ட்டிசால் என்பார்கள். நம்ம கோவில்பட்டிக் கரிசலும் அதே வகைதான். கரிசல்காட்டில் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவதையும், மழையில் மண் ஊதுவதையும் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. அந்த மண்ணின் மேல் ஒரு கான்கிரீட் ஸ்லாப் போட்டு வீட்டை உட்கார வைக்கிறார்கள். மண் அசையும்போது வீடும் கொஞ்சம் அசையும். அங்கே அசையாத வீடு அரிது என்பதால் கேள்வி 'அசைந்ததா' என்பது அல்ல, 'எவ்வளவு' என்பது.

'செயல்பாடு' என்பதற்கு விதியில் உள்ள வரையறை, பாகத்தின் வயதையும் சாதாரணத் தேய்மானத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆகவே நாற்பது வருட வீடு ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தாலும், இரண்டு கதவு இடித்தாலும், அதன் வயசுக்கு 'செயல்படுகிறது' என்று எழுதலாம். பொய் இல்லை. அறிகுறிகளை எல்லாம் பட்டியல் போட வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. இனி என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதும் இல்லை.

ஸ்லாப்புக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயும் பரிசோதனைக்கு வெளியே. அது ஒழுகினால் ஒரு பக்கத்து மண் மட்டும் ஊறி, அஸ்திவாரம் அங்கே தூக்கும். ஒழுகுகிறதா என்று பார்க்க பிளம்பர் செய்யும் ஹைட்ரோஸ்டேட்டிக் டெஸ்ட் என்று தனியாக ஒன்று உண்டு. ஆக, அஸ்திவாரம் 'செயல்படுகிறது' என்ற கருத்து ஒரு பக்கத்தில். அந்த அஸ்திவாரத்தைக் கெடுக்கக்கூடிய குழாய் பார்க்கப்படவில்லை என்ற செய்தி இருபது பக்கம் தள்ளி, பிளம்பிங் பகுதியில். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி அறிக்கையில் யாரும் அம்புக்குறி போடுவதில்லை.

விரிசல் விஷயத்திலும் இதே கதைதான். 'வழக்கமான விரிசல்', 'சிறு விரிசல்' என்று எழுதிவிட்டுப் போகலாம். பிரிட்டனில் பிஆர்இ என்ற கட்டட ஆய்வு நிறுவனம் வெளியிட்ட டைஜஸ்ட் 251 இதை அளவில் சொல்கிறது: 0 முதல் 5 வரை படிகள். 0.1 மி.மீ. வரை பொருட்படுத்த வேண்டியதில்லை, 1 மி.மீ. வரை மிகச் சிறிது, 5 மி.மீ. வரை சிறிது, 15 வரை நடுத்தரம், 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. அகலம் மட்டுமே எல்லாம் சொல்லிவிடாது, சரிசெய்வது எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. இருந்தாலும் 'சிறு' என்றால் எவ்வளவு என்று ஒரு ஸ்கேலை வைத்துக் கேட்க வழி இருக்கிறது.

தள்ளிவிடும் சொற்கள்

'தகுதியான நிபுணரைக் கொண்டு மேலும் ஆராயப் பரிந்துரைக்கிறோம்.' இந்த வாக்கியம் ஒரே அறிக்கையில் இருபது முறை வரலாம். ஒவ்வொரு முறையும் அது ஆலோசனை மாதிரி ஒலிக்கும், ஆனால் நடப்பது பொறுப்பு மாற்றம். இந்த வாக்கியத்துக்குப் பிறகு நீங்கள் ஆளைக் கூப்பிடாவிட்டால், பின்னால் வரும் செலவு 'சொன்னோமே' என்ற கணக்கில் போகும். 'கவனித்துவரவும்' இன்னும் மோசம். யார் கவனிப்பது, எதை, எத்தனை மாதம், எவ்வளவு மாறினால் பயப்படுவது? இவை இல்லாத 'கவனித்துவரவும்' ஒரு வினைச்சொல்லே அல்ல, கை கழுவல்.

இன்ஸ்பெக்டருக்கும் நியாயம் செய்ய வேண்டும். மூன்று நாலு மணி நேரத்தில், ஒரு ஆள், ஏணியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு, அன்னியர் வீட்டில் எதையும் உடைக்காமல் பார்க்கிறார். உறுதியாக எழுதினால் நாளைக்கு வழக்கு. அதே நேரம், அவரைப் பலமுறை சிபாரிசு செய்வது ரியல் எஸ்டேட் ஏஜென்ட். விற்பனை முடிந்தால்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன். பயமுறுத்தி எழுதும் இன்ஸ்பெக்டருக்கு அந்தத் தொழிலில் 'டீல் கில்லர்' என்று பட்டப்பெயரே உண்டு. ஒரு பக்கம் வக்கீல், இன்னொரு பக்கம் ஏஜென்ட். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் பிழைக்கக்கூடிய மொழி இப்படித்தான் இருக்கும்: 'நல்லா இருக்கு' என்றும் சொல்லாது, 'வாங்காதே' என்றும் சொல்லாது. தப்பு தனி ஆளுடையது அல்ல, ஏற்பாட்டுடையது.

மொழியை மாற்ற முடியாதா என்றால், முயன்றிருக்கிறார்கள். பிரிட்டனின் ஆர்ஐசிஎஸ் சர்வேயர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் 1, 2, 3 என்று நிலை எண் தருகிறார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. 3 என்றால் கடுமையானது, அல்லது அவசரமாகப் பழுதுபார்க்க, மாற்ற, ஆராய வேண்டியது. டெக்சஸின் ஒற்றை 'டி'-யைவிட இது எவ்வளவோ மேல், அவசரம் எது என்றாவது தெரிகிறது. ஆனால் அந்த 3-க்குள்ளும் 'உடைந்திருக்கிறது' என்பதும் 'ஆராய வேண்டும்' என்பதும் சேர்ந்தே கிடக்கின்றன. சமீபத்திய சான்றிதழ் இல்லாத மின்இணைப்புக்கும் சிவப்பு விழலாம். தெரிந்த கெடுதலையும் தெரியாமையையும் ஒரே நிறத்தில் அடிப்பது அங்கேயும் தொடர்கிறது.

'ஸ்ட்ரக்சுரல்' என்ற சொல்லின் பயணம்

சென்னையிலும் இப்போது புது ஃப்ளாட்டை ஒப்புக்கொள்ளும் முன் பரிசோதித்துத் தரும் நிறுவனங்கள் வந்துவிட்டன. அமெரிக்க வடிவத்தோடு சொற்களும் வந்திருக்கின்றன, அதில் ஒன்று 'ஸ்ட்ரக்சுரல்'. டெக்சஸ் படிவத்தில் இது ஒரு அத்தியாயத் தலைப்பு. அஸ்திவாரம், கூரை மட்டுமல்ல, கதவு, ஜன்னல், படிக்கட்டு, தண்ணீர் வாட்டம் எல்லாம் அதன் கீழே வரும். கதவுத் தாழ்ப்பாள் சேராவிட்டாலும் அந்தத் தலைப்பில்தான் பதிவாகும், பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே நிலைமை நேர்மாறு. குளியலறை ஒழுகுகிறது என்றால், 'அது ஸ்ட்ரக்சுரல் இல்லை சார், தூண், பீம், ஸ்லாப்புக்குத்தான் அஞ்சு வருஷம்' என்று பில்டர் தரப்பில் பேசுவதுண்டு. ஆனால் 2016-ம் வருட ரெரா சட்டத்தின் 14(3) பிரிவில் இருப்பது கட்டமைப்புக் குறை மட்டுமல்ல. வேலைத்தரம், பொருளின் தரம், சேவைகள் ஆகியவற்றில் உள்ள குறைகளும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. சாவி வாங்கிய நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தர வேண்டும். ஒரு சொல்லைச் சுருக்கிப் பேசினால் ஐந்து வருட உரிமையே சுருங்கிப்போகிறது. அறிக்கைச் சொற்களைப் பற்றிக் கவலைப்படுவது மொழிப் பொழுதுபோக்கு அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எப்படிப் படிப்பது

முதல் வாசிப்பில் குறைகளைப் பார்க்காதீர்கள். 'பரிசோதிக்கப்படவில்லை' கட்டங்களையும், 'எட்ட முடியவில்லை', 'தெரிந்த வரையில்', 'பரிசோதித்த நேரத்தில்' என்று வரும் இடங்களையும் மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்களுக்கு இந்த வீட்டைப் பற்றித் தெரியாதவற்றின் பட்டியல்.

இரண்டாவது வாசிப்பில், 'மேலும் ஆராயவும்' என்று வரும் ஒவ்வொன்றுக்கும் அவகாசத்துக்குள் யாரைக் கூப்பிட முடியும் என்று பாருங்கள். அவகாசம் முடிந்த பிறகு ஆராய்ந்தால் தெரிய வருவது உங்கள் செலவு. நேரம் போதாதென்றால் அஸ்திவாரம், கூரை, தரைக்கடியில் உள்ள குழாய், மின்பலகை, ஏசி, இந்த வரிசையில் போங்கள்.

மூன்றாவதாக, அறிக்கை தராத வரிசையை நீங்களே போடுங்கள். உயிருக்கு ஆபத்து, பெரிய செலவு, சில்லறை வேலை என்று மூன்று குவியல். நாற்பது 'டி' பார்த்து மிரண்டவர்களுக்கு முப்பது சில்லறையாகத் தேறும். நாலே 'டி' பார்த்து நிம்மதியானவர்களுக்கு அதில் இரண்டு பெரியதாக இருக்கும்.

கடைசியாக இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுங்கள். முடிந்தால் பரிசோதனை அன்றே கூட நடங்கள். எழுத்தில் சொல்லத் தயங்குவதை வாயால் சொல்கிறவர்கள் நிறைய பேர். 'இது சரியா தப்பா' என்று கேட்டால் வரையறைக்குள் போய்விடுவார். 'இதில் எந்த மூன்றை முதலில் சரிசெய்வீர்கள், எந்த இடத்தை உங்களால் பார்க்க முடியவில்லை' என்று கேளுங்கள். இரண்டு பதிலையும் தேதி போட்டு எழுதி, அன்றைக்கே மெயிலில் அவருக்கே அனுப்பி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா' என்று உறுதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அருஞ்சொற்பொருள் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாஃபிட்டுக்குப் படம் போட்டு விளக்குங்கள், தேவைதான். கூடவே 'தெரிகிறது' என்ற சொல்லுக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.